பணம் கட்டி வாங்குவது வேலை அல்ல!

"வீட்டில் இருந்தே அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வேலை. கம்ப்யூட்டர் இருந்தால் போதும். முன்பணம் கட்டினால் மறுநாளே வருமானம்!"

இப்படி ஓர் அழைப்பு செல்போனில் வருகிறது. பஸ் நிலையச் சுவரிலும் ஒட்டப்படுகிறது. படித்ததும் பல குடும்பங்களில் ஆசை பிறக்கிறது. வீட்டில் பட்டம் பெற்ற மருமகள் இருக்கிறாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியே போக முடியவில்லை. வேலை வீடு தேடி வந்தால் நல்லதுதானே என்று மாமியாரும் நினைக்கிறார். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

சங்கிலி போவதற்கு முன்பு அந்தக் குடும்பம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்காக வீட்டில் இருந்து செய்யும் எழுத்து வேலை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் செய்து கௌரவமாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது கடையில் விலைக்கு வாங்கும் சரக்கு அல்ல. கற்றுக்கொண்டு அடையும் தொழில்.

இரண்டு வேலைகள்

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் உட்கார்ந்து எழுதுவதில்லை. என்ன நோய், என்ன மருந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கருவியில் பேசிவிடுவார். அந்தக் குரலை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்கித் தருவதுதான் இந்த வேலை.

அங்கே டாக்டர் மாலையில் பேசும்போது இங்கே விடியற்காலை. அவர் இரவு தூங்கி எழுவதற்குள் இங்கே தாள் தயாராகிவிடும். ஆங்கிலம் படித்தவர்களும் இங்கே அதிகம். கூலியும் அங்கே உள்ளதை விடக் குறைவு. அதனால்தான் 1990-களில் இந்த வேலை சென்னைக்கும் கோவைக்கும் வந்து சேர்ந்தது.

மற்றொன்று மெடிக்கல் பில்லிங். அங்கே பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்சூரன்ஸ் உண்டு. டாக்டரின் கட்டணத்தில் பெரும் பகுதியை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண் உண்டு. சாதாரணச் சர்க்கரை வியாதிக்கு 'இ 11.9' என்று எழுத வேண்டும். பழைய நோயாளி மறுபடி வந்து டாக்டரைப் பார்த்தால், அதில் ஒரு வகைக்கு 99213 என்று எழுத வேண்டும். எண் தவறினால் பணம் வராது. கம்பெனி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஏன் திரும்பியது என்று கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும்.

அமெரிக்க அரசு 2015 அக்டோபர் 1 முதல் நோய்களுக்குப் புதிய எண் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. ஆண்டுதோறும் மாற்றங்களும் வருகின்றன. முதியோருக்காக அரசு நடத்தும் 'மெடிகேர்' இன்சூரன்ஸில், சிகிச்சை நடந்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் டாக்டருக்கு நஷ்டம். வேலை செய்தவருக்கு அவப்பெயர்.

ஒரு பூஜ்யத்தின் விலை

"கேட்டதை டைப் அடிப்பதுதானே, இதில் என்ன கஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவமே பதில் சொல்லும்.

2008-ம் ஆண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலம். சர்க்கரை வியாதி உள்ள ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இருந்து வேறொரு மருத்துவ விடுதிக்கு மாற்றப்பட்டார். அவருடைய சிகிச்சை விவரங்களை டாக்டர் குரலில் பதிவு செய்தார். அதை எழுத்தாக்கும் வேலை கைமாறி இந்தியாவுக்கு வந்தது. இன்சுலின் 8 யூனிட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 80 யூனிட் என்று எழுதப்பட்டது. அந்தத் தாளைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் இறந்துவிட்டார்.

வழக்கு நடந்தது. 2012 டிசம்பரில் 14 கோடி டாலர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

தவறு ஒரே ஒரு பூஜ்யம்தான்! இந்தக் காரணத்தால்தான் இந்தத் தொழிலில் நூற்றுக்கு 98 பங்கு சரியாக இருந்தால்தான் தாளை ஏற்கிறார்கள். மருந்தின் பெயரும் அளவும் தவறினால் அதைப் பெரும் குற்றமாகவே கருதுகிறார்கள். 'ஹைப்பர்' என்றால் அதிகம். 'ஹைப்போ' என்றால் குறைவு. காதில் இரண்டும் ஒன்று போலவே விழும். நோயாளிக்கு அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

காது பழகாதவர், உடலின் உறுப்புகளின் பெயர் தெரியாதவர், மருந்துகளின் பெயர் அறியாதவர் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. பழகியவருக்கே ஒரு நிமிடப் பேச்சை எழுத மூன்று, நான்கு நிமிடங்கள் ஆகும். "மறுநாளே வருமானம்" என்பது எவ்வளவு பெரிய பொய் என்பது இதிலிருந்தே விளங்கும்.

பொய்யின் முகம்

ஏமாற்றுக்காரர்கள் இரண்டு விதமாக வருகிறார்கள்.

முதல் வகையினர் முன்பணம் வாங்குவார்கள். "சாப்ட்வேர் தருகிறோம், டாக்டர்களின் பட்டியல் தருகிறோம்" என்பார்கள். பணம் கைக்குப் போனதும் போன் எடுக்க மாட்டார்கள். பட்டியலில் உள்ள டாக்டர்களோ அப்படி யாரையும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இரண்டாம் வகையினர் இன்னும் கெட்டிக்காரர்கள். முதலில் பணமே கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படிக்கவே முடியாத தாள்களை அனுப்பி டைப் செய்யச் சொல்வார்கள். இரவு பகலாக வேலை செய்து அனுப்பினால், "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் வரும். கோர்ட், போலீஸ் என்று மிரட்டுவார்கள். மானத்துக்குப் பயந்து குடும்பம் பணத்தைக் கட்டிவிடும்.

கட்டக் கூடாது! பயப்படவும் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது இணையப் பண மோசடிக்கு என்றே அரசு வைத்திருக்கும் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை மீட்க வழி உண்டு.

அமெரிக்காவிலும் இந்த மோசடி நடந்தது. அங்கே மெடிக்கல் பில்லிங் தொழிலை விற்கிறோம் என்று சொல்லி மக்களை ஏமாற்றியவர்கள் மீது அரசின் வணிக ஆணையம் பல வழக்குகள் போட்டது. 2012 முதல் அங்கே ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. இப்படித் தொழில் விற்பவர் பணம் வாங்குவதற்கு 7 நாள் முன்பே ஒரு பக்கத் தாள் தர வேண்டும். தாம் யார், தம்மீது வழக்கு உண்டா, பணத்தைத் திருப்பித் தருவாரா, வருமானத்துக்கு என்ன ஆதாரம், முன்பு வாங்கியவர்கள் யார் யார் என்று அதில் சொல்ல வேண்டும்.

இந்த ஐந்து கேள்விகளையும் நம் ஊரிலும் கேட்கலாம். கேட்ட உடனே கோபப்படுபவர் மோசக்காரர்.

நாலு கை மாறிய வேலை

முன்பணம் கேட்காத இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2003-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு மிரட்டல் வந்தது. அனுப்பியவர் பாகிஸ்தானில் கராச்சி நகரில் இருந்த ஒரு பெண். "எழுதிக் கொடுத்ததற்குக் கூலி வரவில்லை. வராவிட்டால் நோயாளிகளின் விவரங்களை உலகம் பார்க்க வெளியிடுவேன்" என்பது மிரட்டல்.

மருத்துவமனை திகைத்தது. வேலை கராச்சிக்குப் போனதே அதற்குத் தெரியாது! அது ஒருவரிடம் கொடுக்க, அவர் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் வேறொருவரிடம் கொடுக்க, கடைசியில் கராச்சி போய்ச் சேர்ந்திருந்தது. இடையில் இருந்த ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் கைக்குக் கூலியும் இல்லை. மிரட்டியது பெருந்தவறு. ஆனால் உழைத்தவருக்குக் கூலி தராததும் தவறுதான்.

வேலை தருபவர் எத்தனையாவது கை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூலி எப்போது, எந்தக் கணக்கில் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். எழுத்து வேலைக்கு வரி எண்ணிக் கூலி தருவார்கள். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி என்பது பலர் வைத்திருக்கும் கணக்கு.

மிஷின் வந்துவிட்டது

இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. டாக்டரின் பேச்சைக் கேட்டு மிஷினே எழுதும் காலம் இது. செயற்கை நுண்ணறிவு முதல் பிரதியை நொடியில் தந்துவிடுகிறது. டைப் அடிக்கும் வேலை சுருங்கிவிட்டது. இனியும் ஆள் குறையும் என்றே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணித்திருக்கிறது.

அப்படியானால் மனிதனுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. மிஷின் எழுதியதைக் குரலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மிஷினும் தவறாகக் கேட்கும். தவறையும் அழகாகவே எழுதிவிடும்! அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. விரல் வேகத்தை விட விஷய ஞானமே முக்கியம்.

நல்ல வழி எது?

முதலில் கற்க வேண்டும். டைப்ரைட்டிங் தெரிந்திருந்தால் நல்லது. அதற்கு மேல் உடற்கூறு, நோய்கள், மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். பில்லிங்கில் இறங்குபவர் எண் எழுதும் 'கோடிங்' பரீட்சை எழுதித் தேறினால் கம்பெனிகளில் மதிப்பு உண்டு. "வேலை நிச்சயம்" என்று வாக்குத் தரும் பயிற்சி நிலையத்தில் சேரும் முன், அங்கே படித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டும்.

அடுத்து, ஓரிரண்டு ஆண்டுகள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்க வேண்டும். அங்கே சம்பளத்தோடு தவறுகளும் திருத்தப்படும். தேர்ச்சி பெற்றவர்களுக்குச் சில கம்பெனிகள் வீட்டில் இருந்து வேலை செய்ய அனுமதி தருகின்றன. அதுவே பாதுகாப்பான வாசல். சொந்தத் தொழில் அதற்குப் பிறகு.

கடல் கடந்துதான் வேலை தேட வேண்டும் என்பதும் இல்லை. நம் ஊர் நர்சிங் ஹோம்களிலும் இன்சூரன்ஸ் நோயாளிகள் வருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் விண்ணப்பங்கள் அனுப்பப்படுகின்றன. அந்தக் காகிதங்களைப் பிழையில்லாமல் தயாரிக்கத் தெரிந்தவரை எந்த டாக்டரும் விட மாட்டார்.

வீட்டில் ஒரு தனி மூலை வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் பையன் விளையாடக் கூடாது. நோயாளியின் நோய் பற்றி அடுத்த வீட்டு அக்காவிடம் பேசக் கூடாது. கணவனிடமும் சொல்லக் கூடாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்க அமெரிக்காவில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலும் தனிமனித விவரங்களைக் காக்க 2023-ல் சட்டம் இயற்றப்பட்டது.

குடும்பத்தாரும் ஒன்றை உணர வேண்டும். வீட்டில் இருக்கிறாள் என்பதற்காக அவள் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம் அல்ல. வேலை நேரத்தில் "கொஞ்சம் காபி போடு" என்று கூப்பிட்டால், அந்த நிமிடத்தில் 8 என்பது 80 ஆகிவிடலாம். அந்த நேரத்தில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவன் சமையலறைக்குப் போக வேண்டும்.

சங்கிலியை அடகு வைத்துத்தான் தீரவேண்டும் என்றால், கல்விக்காக வைக்கலாம். கற்ற கல்வியை யாரும் பிடுங்க முடியாது. வேலையை விற்பதாகச் சொல்பவனிடம் கொடுத்தால், சங்கிலியும் திரும்பாது, வேலையும் வராது. வேலை செய்பவருக்குத்தான் கூலி. வேலை கேட்பவரிடமே கூலி கேட்பவனை வாசற்படியிலேயே நிறுத்துங்கள்!