வெயில் மேல பழி போடாதீங்க

பழைய கார் ஹீட் ஆகி ரோட்டோரம் நின்னா, எங்க ஊர்ல மூணு தீர்ப்பு தயாரா இருக்கும். "வெயில் அப்படி." "வண்டி பழசாச்சு, தள்ளி விட்ருங்க." "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிரும்." மூணும் எப்பவுமே தப்புன்னு நான் சொல்லலை. ஆனா மூணுலயும் ஒரு கேள்வி விட்டுப் போகுது: எப்ப ஹீட் ஆகுது? அதைக் கேட்காமலே ஸ்பேனரைக் கையில எடுக்கிறதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை.

முதல்ல வெயில். எங்க ஊர் சாத்தான்குளம், தேரிக்காட்டுப் பக்கம். சித்திரையில 38 டிகிரி எல்லாம் ஒரு செய்தியே இல்லை. எஞ்சினைச் சுத்துற தண்ணி 90 டிகிரின்னு வைங்க. மார்கழிப் பகல்ல வெளிக்காத்து 28 டிகிரின்னா இடைவெளி 62. சித்திரையில அது 52. ரேடியேட்டர் வெளியே தள்ளுற வெப்பம் ஏறக்குறைய இந்த இடைவெளியைப் பொறுத்தது. அதாவது ஆறுல ஒரு பங்கு குறையுது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நாம போட்ட அதே கணக்கு. ஆனா ரேடியேட்டரை டிசைன் பண்ணவங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல, நின்னது 2014 ஜனவரியில. அத்தனை கோடையும் இதே நாட்டுலதான் ஓடுச்சு. நல்லா இருக்கிற வண்டியை வெயில் கெடுக்கிறதில்லை. ஏற்கெனவே பாதி அடைச்ச ரேடியேட்டரை மார்கழி மறைக்கும், சித்திரை காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

எங்க பெரியப்பா வச்சிருக்கிறதும் ஒரு மாருதி 800தான். திருச்செந்தூர் போற வழியெல்லாம் முள்ளு அசையாது. கோயில் பக்கத்துக் கூட்டத்துல ஊர்ந்தா மட்டும் ஏறும். ஒரு ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டரையே மாத்துனாங்க. இன்னொண்ணுல தெர்மோஸ்டாட்டைக் கழட்டுனாங்க. பணம் போச்சு, சூடு போகலை. கடைசியா ஒரு வயசான மெக்கானிக் பானெட்டைத் தொடாமலே கேட்டார்: "நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா தம்பி?" "நிக்கும்போதுதான் அண்ணாச்சி." ரேடியேட்டர் விசிறிக்கான சுவிட்சோட ரெண்டு ஒயரையும் கழட்டி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பிடிச்சார். விசிறி சுத்துச்சு. அப்ப மோட்டார் நல்லாருக்கு, பியூஸ் நல்லாருக்கு, சூட்டைப் பார்த்து விசிறியைப் போட வேண்டிய சுவிட்ச்தான் செத்திருக்கு. வேலை முடிஞ்சது.

இதுல மந்திரம் எதுவும் இல்லை. வண்டி வேகமாப் போகும்போது காத்து தானா வரும், நிக்கும்போது விசிறிதான் காத்து. அதனால நின்னா ஏறுறது பெரும்பாலும் காத்துப் பிரச்சினை. ஊருக்குள்ள சும்மா இருந்துட்டு நாற்கரச் சாலையில ஏறினா, அது தண்ணி ஓட்டத்துப் பிரச்சினை: ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறந்த தெர்மோஸ்டாட், இல்லைன்னா வாட்டர் பம்ப். பழைய அம்பாசடர்ல விசிறி, பம்ப், டைனமோ எல்லாம் ஒரே பெல்ட்டுல ஓடும். அதுல சூடு ஏறும்போதே சார்ஜ் விளக்கும் எரிஞ்சா முதல்ல பெல்ட்டைப் பாருங்க. காலையில ஸ்டார்ட் பண்ண உடனே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகி, ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கட் மேல சந்தேகப்படலாம். அதுதான் செலவு வைக்கிற ஒண்ணு. அலுமினிய ஹெட் வளைஞ்சிட்டா இன்னும் செலவு.

முள்ளையும் முழுசா நம்பாதீங்க. தண்ணி சுத்தமா வத்திட்டா சென்சார் ஆவியில நிக்கும், முள்ளு கீழே இறங்கும். "சூடு குறைஞ்சிட்டு"ன்னு சந்தோஷமா ஓட்டுறவங்க எஞ்சினைச் சீஸ் ஆக்கி நிறுத்துவாங்க.

இனி தண்ணி. எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் இது. உடன்குடி, திசையன்விளைன்னு கடலோரம் முழுக்கக் கிணத்துல உப்பு ஏறிக் கிடக்கு. வீட்டுல கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதுன்னு குடிக்கக் கேன் தண்ணி வாங்குறோம். அதே போர் தண்ணியை ரேடியேட்டருக்குக் குடம் குடமா ஊத்துறோம். கெட்டில்ல படியுற அதே கால்சியம் கார்பனேட் எஞ்சினுக்குள்ளயும் படியும். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துறதுல நூறுல ஒரு பங்கு கூட அந்தப் படிவு கடத்தாது. உப்புல இருக்கிற குளோரைடு அலுமினியத்தைத் தனியா அரிக்கும். கூலன்ட் விலை அதிகம்னு சொல்றவங்க, குறைஞ்சது பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டராவது ஊத்தலாமே. (சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க. 0.9 பார் மூடி, தண்ணியைக் கிட்டத்தட்ட 119 டிகிரி வரைக்கும் கொதிக்காமப் பிடிச்சு வச்சிருக்கும். திறந்த நொடியில எல்லாம் முகத்துக்குத்தான் வரும்.)

தெர்மோஸ்டாட்டைக் கழட்டுற வைத்தியத்துக்கு ஒரு நியாயம் உண்டு: வழியில நின்ன வண்டியை வீடு சேர்க்கணும், பார்ட் கையில இல்லை. அன்னைக்கு சரி. அப்படியே வருஷக்கணக்கா ஓட்டுறதுதான் தப்பு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு இறங்கும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்ல தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கும். அதுல கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியில சுத்தி, சூடு இன்னும் ஏறும். "வெயில் நாட்டுக்கு இது எதுக்கு"ன்னு கேட்கிறாங்க. 82 டிகிரியில திறக்கிற வால்வுக்கு நம்ம 38 டிகிரியும் குளிர்தான்.

நாலு வருஷத்துல எங்களுக்கு யாரும் ஒரு தெர்மோஸ்டாட்டைக் கையில கொடுத்ததில்லை. சோதிக்க லேப் வேணும்னு இல்லை. ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி வச்சு, அதை நூல்ல கட்டித் தொங்க விட்டு, தெர்மாமீட்டரோட அடுப்புல ஏத்துங்க. திறக்க வேண்டிய டிகிரி பெரும்பாலும் அது மேலயே பொறிச்சிருக்கும். அந்த எண் கிட்ட வாய் திறக்க ஆரம்பிச்சா, திரும்ப மாட்டுங்க. தண்ணி கொதிச்ச பிறகும் மூடியே கிடந்தா, புதுசு வாங்கி மாட்டுங்க.