கரும்பின்னணி என்னும் பொய்ச் சிக்கனம்

மின்னூல்களையும் இலக்கியப் பக்கங்களையும் கரும்பின்னணியில் வெள்ளெழுத்தாக வைத்துப் படித்தால் மடிக்கணினியின் மின்கலம் நெடுநேரம் தாங்கும் என்கிற உபதேசம் நம் வாசக அன்பர்களிடையே இன்னும் ஓயவில்லை. அதை நாம் மறுக்கிறோம்.

பட்டினச்சேரி போன்ற கடலோர மீனவ ஊரில் இது வீண் சர்ச்சையாகாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது காரைக்கால், நாகைப் பகுதிகளில் மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய நாட்களில் மின்கலத்தில் எஞ்சியிருக்கும் ஒரு மணி நேரந்தான் மாணவனுக்குப் பாடநூல். அவனுக்குத் தவறான யோசனை சொல்ல நமக்கு உரிமையில்லை.

நம்மில் பெரும்பாலோரின் மடிக்கணினியில் இருப்பது எல்சிடி எனப்படும் திரவப் படிகத் திரை. அதன் பின்னே ஒரு விளக்கு ஓயாமல் எரிகிறது. படிகங்கள் அவ்வொளியை விடும், அல்லது மறைக்கும், தாமாக ஒளிர்வதில்லை. விளக்கை எரியவிட்டுச் சன்னலை மட்டும் சாத்தினால் எண்ணெய் மிஞ்சுமா? 2007இல் 'பிளாக்கிள்' என்ற கருநிறத் தேடுதளம் மின்சாரத்தைச் சேமிப்பதாகப் பெயர் வாங்கியது. தட்டைத் திரைகளில் கருப்பு மின்செலவைக் கூட்டவும் கூடும் என்று கூகுள் நிறுவனம் அதே ஆண்டு விளக்கம் எழுதியது.

ஓஎல்இடி திரைகளைச் சுட்டிச் சிலர் வாதிடுவர். அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கருமை மின்சாரத்தை மிச்சப்படுத்துவது மெய்தான். ஆனால் அத்தகைய கைபேசிகளைப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் ஆராய்ந்தபோது, முழு வெளிச்சத்தில் சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு வரை இருந்த சேமிப்பு, வெளிச்சம் 30 முதல் 50 விழுக்காடாக இருக்கையில் 3 முதல் 9 விழுக்காடாகச் சுருங்கியது.

ஆக, எல்சிடி திரைக்காரர் செய்யவேண்டியது வெளிச்சத்தைக் குறைப்பதே. பின்விளக்கு மங்கினால் மின்செலவு குறையும். படிக்காத நேரத்தில் திரையை அணைத்துவிட்டால் இன்னும் குறையும். பின்னணி நிறத்துக்கு இதில் பங்கில்லை.

கரும்பின்னணி சிலர் கண்ணுக்கு இதமாயிருக்கலாம். அது அவரவர் விருப்பம். நம் வயதில் பலருக்கோ கருப்பின்மீது வெள்ளெழுத்தின் விளிம்பு கசிகிறது. மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, 'க்' எது, 'க' எது என்று தடுமாறிப் படிக்கிறோம். சேமிக்காத மின்சாரத்துக்காக அந்தப் புள்ளியை இழக்க நாம் சம்மதியோம்.