மெழுகுவர்த்தி வாங்கும்போது மெழுகையும் கேளுங்கள்

நம் மோகனூர்க் கடைகளில் மெழுகுவர்த்தி சிறு சரக்குதான். மின்தடைக்கும் மாதா கோயிலுக்கும் விற்பதோடு சரி. ஆனாலும் சித்திரை வெயிலில் பாக்கெட்டுக்குள்ளேயே வளைந்துபோன வர்த்தியை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், பேச்சு வாங்குவது நாம்தான்; தயாரித்தவர் அல்ல.

நமக்கு வருவது பெரும்பாலும் பாரபின் மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பது. சென்னை மணலி ஆலையிலும் எடுக்கிறார்கள். முழுதும் சுத்திகரித்த ரகத்தில் எண்ணெய் அரை சதவீத அளவே இருக்கும். 58-60 டிகிரியில் உருகும் ரகமானால் கோடையைத் தாங்கும். எண்ணெய் மிகுந்த மட்ட ரகம் விலை மலிவு; ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே இளகிவிடும். தகரக் கூரைக் கிடங்கில் அதற்கு நெருப்பே வேண்டாம்! ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வர்த்தி கெட்டிப்படும், வெண்மையும் கூடும்.

சோயா மெழுகு மென்மையானது. கண்ணாடிக் குவளையில் ஊற்றி விற்கும் நகரத்துச் சரக்கு, நமக்கு ஆகாது. தேன்மெழுகு 62-64 டிகிரி வரை தாங்கும். கொல்லிமலைத் தேன் பக்கத்திலேயே கிடைத்தாலும், தேன்மெழுகின் விலை பாரபினைவிடப் பல மடங்கு. பாரபின் விலையில் ‘தேன்மெழுகு வர்த்தி’ என்று யார் நீட்டினாலும் வாங்கக் கூடாது என்பதே நம் கருத்து.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் டஜன் கணக்கோடு நிறுத்தாமல் எடையையும் மெழுகு ரகத்தையும் எழுதித் தாருங்கள். டஜனுக்கு மலிவாகத் தெரிவது, கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் சில சமயம் விலை கூடுதலாக இருக்கிறது. கோடைச் சரக்குக்கு மாசியிலேயே ஆர்டர் கொடுப்போம், அப்போதே கேட்டுவிடலாம்.