தண்டனை முடிந்தும் முடியாத குறிப்பு

அங்கத்தினர்களுக்கு ஒரு விஷயத்தை ஒளியாமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், காஞ்சியிலுள்ள பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் சேர்க்கை மனுக்களைப் பரிசீலித்தபோது, ஒரு மனுவின் ஓரத்தில், "அடிதடி வழக்கில் தண்டனை அடைந்தவர்" என்று நாமே எழுதினோம். எழுதியது உண்மைதான். ஆனால், அவர் இளம் வயதில் ஆறு மாதம் சிறையிலிருந்து வெளிவந்தபின், பதினாறு ஆண்டுகளாகக் கோர்வைச் சேலை நெய்து குடும்பம் நடத்துபவர் என்பதை எழுதாமல் விட்டோம். மறு ஆண்டும் மனு வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் நம் ஓரக்குறிப்பு எழுத்துக்கு எழுத்து நகலாகி, மனு ஒத்திவைக்கப்பட்டது. பட்டும் ஜரிகையும் விலையுயர்ந்த சரக்காயிற்றே, எப்படி நம்பிக் கொடுப்பது என்றனர் நிர்வாகிகள். அடிதடிக்கும் ஜரிகைக்கும் என்ன சம்பந்தமென்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் இன்றும் தனியார் முதலாளி ஒருவரிடம், கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு நெய்கிறார். இத்தகையோரை மீட்பதற்கன்றோ சங்கங்கள் தோன்றின!

நீதிமன்றம் விதித்தது ஆறு மாதம். மிச்சத்தை விதித்தது யார்?

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தண்டனையால் தகுதியிழந்தவரும் விடுதலைக்குப்பின் 6 ஆண்டுகள் கழிந்தால் சட்டசபைக்கே போட்டியிடலாம். சட்டம் செய்யத் தகுதி பெற்றவருக்குத் தறி நெய்யத் தகுதியில்லையாம்! சிறார் விஷயத்தில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, தண்டனைப் பதிவுகளை அழித்துவிடவே சொல்கிறது. வயது வந்தோருக்கு அத்தகைய பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பிரிட்டனில் 1974லேயே அதற்கொரு சட்டம் வந்துவிட்டது.

இங்கே நிலைமை எப்படியெனில், வழக்கிலிருந்து விடுதலையான ஒருவரே தீர்ப்பில் தம் பெயரை மறைக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தை வேண்டியபோது, அதற்குரிய சட்டமில்லை என 2021இல் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் மறைக்க உத்தரவிட்டனர். ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. குற்றமற்றவர் கதியே இதுவானால், குற்றத்துக்குரிய தண்டனையை அனுபவித்துத் தீர்த்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவை எரித்துவிடச் சொல்லவில்லை. அது நீதிமன்றத்தில் முத்திரையிட்டு இருக்கட்டும். மீண்டும் குற்றம் புரிந்தால் நீதிபதி பிரித்துப் பார்க்கட்டும். சங்கப் பணத்தைக் கையாடியவரைக் காசாளராக்கவும் நாம் சொல்லமாட்டோம். வேலைக்குத் தொடர்பில்லாத பழைய தண்டனை, குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தபின், மனுவிலும் கோப்பிலும் தலைகாட்டலாகாது என்பதே நம் அபிப்பிராயம். சட்டம் வரும்வரை காத்திராமல், சங்கங்கள் தாமாகவே இதைக் கைக்கொள்ளலாம். ஓரக்குறிப்பு எழுதும்படி எந்தச் சட்டமும் நம்மைக் கேட்கவில்லை.

அந்த நெசவாளரின் மனு இம்மாதம் மீண்டும் நிர்வாகக் குழுவின் முன் வருகிறது. இம்முறை அதன் ஓரத்தில் நாம் ஒன்றும் எழுதவில்லை.