திண்டுக்கல் மலை ஏன் நம்ம பசங்க நோட்டுல இல்லை?

மூணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட பென்சிலைக் கொடுத்து, "ஒரு மலை வரைடா தங்கம்"னு சொல்லிப் பாருங்க. ரெண்டு முக்கோணம், நடுவுல பாதி சூரியன், ஓரமா ஒரு தென்னைமரம், பறவைக்குப் பதிலா நாலு டிக் மார்க். நீங்களும் அதைத்தான் வரைஞ்சிருப்பீங்க. நானும்தான்.

திண்டுக்கல் டவுன் பிள்ளையும் இதையே வரையுது என்பதுதான் வேடிக்கை. நாலு தெரு நடந்தா கண்ணுல படுறது, திண்டு மாதிரி படுத்துக் கிடக்கிற ஒத்தைப் பாறை. ஊருக்குப் பேரு வந்ததே அதனாலதான்னு சொல்வாங்க. அந்தப் பாறை மட்டும் நோட்டுக்குள்ள வரவே இல்லை. பிள்ளைக்குக் கை வராம இல்லை. 'பார்த்து வரை'ன்னு சொல்லித்தர ஆள் இல்லை.

ஏன் இல்லை? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்க. கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. ஆனா 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பேரை 5,000 ரூபாய் சம்பளத்தில், வாரத்துக்கு மூணு அரை நாள் வேலைக்கு எடுத்தது இந்தக் கணக்கில்தான். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் எல்லாம் சேர்த்தே அந்த எண்ணிக்கை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கா போராடியது தனிக்கதை.

ஆக, சுவரெல்லாம் கிறுக்குற வயசுல ஓவிய ஆசிரியர் கிடையாது. 'தப்பா வந்துடுமோ'ன்னு கை கூசுற வயசுலதான் வர்றார். அதுக்குள்ள முக்கோண மலை மனசுல பதிஞ்சுடுது.

2022-ல் தொடங்கிய கலைத் திருவிழா, 2024-25-ல் ஒண்ணாம் வகுப்பு வரை இறங்கி வந்தது. நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனா பாடம் நடத்தாமலே பரீட்சை வைக்கிற மாதிரி ஆயிடக்கூடாது. வீட்டில் கலர் பென்சில் டப்பாவும், சாயங்கால டிராயிங் கிளாஸும் இருக்கிற பிள்ளைதானே அப்போ ஜெயிக்கும்? 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல படம், பாட்டு, பொம்மை எல்லாம் இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு. ஆனா அங்கே படம் எழுத்தைக் கத்துக்க ஒரு ஏணி. படமே பாடம் இல்லை.

இத்தனைக்கும் இது டிசைனுக்குப் பஞ்சமான ஊரா? பக்கத்துல சின்னாளபட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர்போனது. துணியில் புள்ளி புள்ளியா நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தா புள்ளி மட்டும் சாயம் ஏறாம நிற்கும். பழைய வேட்டித் துண்டு, புளியங்கொட்டை, நூல், மஞ்சள் தண்ணி இருந்தா ரெண்டாம் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டில், மாங்காய்ப் பூட்டுன்னே ஒரு வகை உண்டு. ஒண்ணை மேஜைமேல வெச்சு, "இது ஏன் மாங்காய் மாதிரி இருக்கு? சதுரமா இருந்தா என்ன?"ன்னு கேட்டா, அதுதான் டிசைன் கிளாஸ். கைத்தொழில் வழியா படிப்புங்கிற காந்தியின் ஆதாரக் கல்வியைச் செய்து பார்த்த காந்திகிராமமும் 1947-லேர்ந்து அதே சின்னாளபட்டி பக்கத்துலதான் இருக்கு.

ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் இதுக்கெல்லாம் நேரம் ஏதுன்னு டீச்சர்கள் கேட்பாங்க. நியாயம்தான். நாலஞ்சு தொடக்கப் பள்ளிக்குச் சேர்த்து ஒரு ஓவிய ஆசிரியர், வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பள்ளின்னு சுத்தி வந்தாக்கூடப் போதும். சட்டம் அதைக் கட்டாயமாக்கலை. செய்யக் கூடாதுன்னும் சொல்லலை.

அதுவரைக்கும், மலை தெரியுற பள்ளியா இருந்தா பிள்ளைகளை ஒரு நாள் வெளியே உட்கார வைக்கலாம். முதல்ல பாதிப் பேர் முக்கோணம்தான் போடுவாங்க. போடட்டும். "மேல கோட்டைச் சுவர் எங்க ஆரம்பிக்குது, காட்டு?"ன்னு மட்டும் கேளுங்க.