சம்மதம் என்பது வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்தல்ல

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள நம் மளிகைக் கடைகளும் இன்று மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. ஜி.எஸ்.டி. பதிவுக்கே அது வேண்டும். விலைப்பட்டியல், பில், வங்கிக் கணக்கு விவரம், ஆடிட்டரின் கடிதம் எல்லாம் அதன் வழியேதான் வருகின்றன. கல்லாப்பெட்டிச் சாவியைப் பிறர் கையில் கொடுக்க எந்த வியாபாரியும் சம்மதிப்பதில்லை. ஆனால் செல்போனில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவது மட்டும் எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. அந்தச் சம்மதத்துக்கு எல்லை உண்டு என்பதை வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஜிமெயில் கடிதங்களை இயந்திரம் கொண்டு அலசி, அதற்கேற்ப விளம்பரம் காட்டிவந்தது கூகுள் நிறுவனம். இதை எதிர்த்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்கு வந்தபோது, நிபந்தனைகளை ஏற்றுத்தானே சேர்ந்தார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. 2013 செப்டம்பரில் நீதிபதி லூசி கோ வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். ஜிமெயில் இல்லாத ஒருவர், ஜிமெயில் உள்ளவருக்குக் கடிதம் எழுதியதாலேயே சம்மதித்தவர் ஆகிவிட மாட்டார் என்றார். விளம்பரத்துக்காகக் கடிதங்களை அலசுவதை நிறுத்துவதாக 2017-இல் கூகுளே அறிவித்தது.

நம் புதுச்சேரியிலும் இதையொத்த கேள்வி எழுந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாருடன் இணைத்த செல்போன் எண்களுக்கு ஓர் அரசியல் கட்சியின் குறுஞ்செய்திகள் வருவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. தொண்டர்கள் திரட்டிய எண்கள் அவை என்று கட்சி மறுத்தது. இதை விசாரிக்கும்படி ஆதார் ஆணையத்துக்கு நீதிமன்றம் சொன்னது. ஒரு காரியத்துக்குக் கொடுத்த எண்ணை வேறு காரியத்துக்கு எடுக்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி.

இதற்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விடை சொல்கிறது. சம்மதம் மனமுவந்து, விவரம் தெரிந்து, குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவையில்லாத விவரத்துக்கு ‘சரி’ என்று அழுத்தியிருந்தாலும் அது செல்லாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலேயே கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டுள்ளன.

கடன் செயலிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி முன்பே கண்டிப்புக் காட்டியது. கடன் வாங்குபவரின் செல்போனில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் உத்தரவிட்டது. அவசரத்துக்குச் சரக்குக் கடன் தேடும் சிறு வியாபாரி இதை மனத்தில் வைக்க வேண்டும். அவர் செல்போனில் இருப்பவை அவருடைய எண்கள் மட்டுமல்ல; ஊராரின் எண்கள்.

சட்டம் நம்மையும் கட்டும். காகிதப் பற்று நோட்டு வரையில் இச்சட்டம் வராது; அதையே செல்போனிலோ கணினியிலோ ஏற்றினால் வரும். பில் போட செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியது. பற்றுக்கு அரிசி வாங்கியவர் தம் எண்ணைக் கொடுத்தது கணக்குக்காக. கம்பெனிப் பிரதிநிதி கேட்டார் என்று அந்தப் பட்டியலைத் தூக்கிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, கடைக்கென்று தனி மின்னஞ்சல் வைப்போம். தொடர்பு எண்களைக் கேட்கும் செயலிக்கு ‘வேண்டாம்’ என்று அழுத்துவோம். புரியாத படிவத்தைத் தமிழில் கேட்போம். வாடிக்கையாளரின் எண்ணை அவரைக் கேட்காமல் எவருக்கும் தராதிருப்போம். கிராமத்துக் கடை நாணயத்தின் மேல்தான் நிற்கிறது. எடையில் காட்டும் நாணயத்தை எண்ணிலும் காட்டுவோம்.