பொறிக்கு எழுதும் தமிழ்

தமிழரின் அன்றாடப் பணிகளைக் குறித்துவைக்கும் மென்பொருளைத் தமிழ் இளைஞரே ஆக்குகின்றனர், பயன்படுத்துவோரும் தமிழரே. பால் கணக்குத் தீர்த்தல், மின் கட்டணம் கட்டுதல், குழந்தைக்குத் தடுப்பூசி போடுதல் என அதில் ஏறும் பணிகளும் தமிழிலேயே ஏறுகின்றன. ஆயினும் அப்பணிகளைச் சேர்க்கவும் மாற்றவும் நீக்கவும் உள்ளே அமைந்த கருவிகளுக்குரிய விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில் கிடக்கின்றது. கேட்டால், பொறிக்குத் தமிழ் தெளிவாக விளங்காது என்பது விடை. விளங்காதது தமிழா, எழுதுவோர் எழுதும் தமிழா என்பதே ஆராய்தற்குரியது.

ஏ.ஐ. என மக்கள் வழங்கும் செய்யறிவு, ஒரு பணிப்பட்டியலைத் தானே திறந்து திருத்திவிடாது. நிரலர் ஆக்கித்தந்த கருவிகளைக் கொண்டே திருத்துகின்றது. கருவிகளை இவ்வாறு இணைத்தற்கென்றே திருவள்ளுவர் ஆண்டு 2055 (2024) நவம்பரில் ஆந்த்ரோப்பிக் நிறுவனம் எம்.சி.பி. என்னும் பொது நெறியை வெளியிட்டது. எந்நெறியாயினும் செய்யறிவின் முன் வைக்கப்பெறுவன மூன்றே: கருவியின் பெயர், அது செய்யும் வேலை பற்றிய விளக்கம், அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகள். உள்ளிருக்கும் நிரலை அது காண்பதில்லை. விளக்கத்தில் இல்லாதது அதற்குத் தெரியாது. விளக்கத்தில் உள்ள பிழையை அது மெய்யென்றே கொள்ளும். பெயரை இலத்தீன் எழுத்தில்தான் தருதல் வேண்டும் எனச் சில நிறுவனங்கள் தடை வைத்துள்ளன. விளக்கத்திற்கு அத்தடை இல்லை. தடையில்லாத இடத்திலும் தமிழை விலக்கியவர் தமிழரே!

இனி, தமிழில் எழுத முன்வருவோரும் எவ்வாறு எழுதுகின்றனர்? அழித்தற்கருவி ஒன்றுக்குப் ‘பட்டியலில் உள்ள பணியை எடுக்கும்’ என ஒருவர் எழுதினார் என்க. எழுதினவர் கருதியது நீக்குதலை. ‘இன்றைய பணிகளை எடு’ எனப் பயனர் சொல்லும்போது அவர் கருதுவது எடுத்துக் காட்டுதலை. பொறி இரண்டையும் பொருத்திப் பார்க்கும். அன்றைய பணிகள் அனைத்தும் அழிந்துபோகும். ‘தள்ளு’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஒத்திவைத்தலும் அதுவே, ஒதுக்கிவிடுதலும் அதுவே. இது தமிழின் குறையன்று. ஒத்திவை, நீக்கு, காட்டு, முடிந்ததாகக் குறி என வேலைக்கொரு சொல் தமிழில் இருக்க, வாய்க்கு வந்ததை எழுதியதன் விளைவு. நூற்குற்றம் பத்தனுள் மயங்க வைத்தல் ஒன்றென நன்னூல் வகுத்துள்ளதைத் தமிழ் பயின்றோர் அறிவர்.

குன்றக் கூறலும் அப்பத்தனுள் ஒன்று. பணியைத் திருத்தும் கருவிக்கு, ‘முடிக்கவேண்டிய நாளைக் கொடுத்தால் மாற்றும், கொடுக்காவிடின் விடும்’ என எழுதிவிடுகின்றனர். எதனை விடும்? பழைய நாளை உள்ளவாறே விடுமா, வெறுமையாக்கி விடுமா? தலைப்பை மட்டும் திருத்தச் சொன்னவரின் நாள்குறிப்பு ஓசையின்றி மறைந்துபோவது இவ்விடத்தில்தான். ‘நாள் தரப்படாவிடின் முன்பிருந்த நாள் மாறாது’ என்னும் ஐந்து சொற்களில் அடங்குவது அது. நாளை எழுதும் முறையும் அவ்வாறே. 06-05 என்பது மே ஆறா, சூன் ஐந்தா? ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் 2025-06-05 என எடுத்துக்காட்டுடன் எழுதிவிட்டால் ஐயமில்லை. எவ்வூர் நேரம் என்பதையும் எழுதுதல் வேண்டும். இந்திய நேரம் உலகப் பொதுநேரத்திற்கு 5 மணி 30 நிமையம் முற்பட்டது. சென்னையில் விடியல் 5 மணிக்குக் குறித்த பணி, பொதுநேரக் கணக்கில் முதல்நாள் இரவு 11.30 ஆகிவிடும்.

தனித்தமிழ் அன்பரும் இங்கு ஒரு குற்றத்திற்கு உள்ளாகின்றனர். அதனை மறைத்தல் முறையன்று. சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னால் நடை கெடும் எனக் கருதி, முதல் தொடரில் பணி என்பர்; அடுத்ததில் வினை என்பர்; பின்னர்ச் செயல், கடமை என்பர். செய்யுளில் அது சுவை. கருவி விளக்கத்தில் நான்கும் நான்கு பொருளோ எனப் பொறி மயங்கும். பணிநிரல் என ஒருவர் எழுதினால் அது பட்டியலா, கணினி நிரலா? ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை நிறுத்தி, முதலிலிருந்து முடிவுவரை அதனையே ஆளுதல் வேண்டும்.

முடித்தற்கருவி ஒன்றுக்குரிய விளக்கத்தை இவ்வாறு எழுதலாம்: ‘பட்டியலில் உள்ள ஒரு பணியை முடிந்ததாகக் குறிக்கும். பணி அழியாது, பட்டியலிலேயே இருக்கும். பணி எண் கட்டாயம் வேண்டும். எண் தெரியாவிடின் முதலில் தேடற்கருவியைப் பயன்படுத்துக. ஒரே பெயரில் பல பணிகள் இருந்தால் எது எனப் பயனரைக் கேட்க. பணியை அழித்தற்கு இக்கருவியைப் பயன்படுத்தற்க.’ இதில் ஓர் ஆங்கிலச் சொல் உண்டா? அழித்தற்கருவிக்கோ மீட்க இயலாது என எழுதினால் மட்டும் போதாது. விளக்கம் பூட்டாகாது, ஒப்புதலின்றி அழிக்காதவாறு நிரலிலேயே தடை அமைத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்தைச் செய்யறிவு ஆங்கிலத்தினும் மிகுதியான துண்டுகளாக உடைத்தே படிக்கின்றது. அதனால் செலவு கூடுகின்றது என்பர். உண்மையே. பயின்ற நூல்களுள் பெரும்பகுதி ஆங்கிலமாதலின் அதற்கு அம்மொழியில் பழக்கம் மிகுதி என்பதும் உண்மையே. அதனால் செய்யவேண்டுவது தமிழை விடுதலன்று, ஆய்ந்து பார்த்தல். ‘பால்காரர் கணக்கைத் தீர்த்தாச்சு’ எனக் கோவையிலோ நெல்லையிலோ ஒருவர் சொன்னால், பொறி தேர்ந்தெடுப்பது முடித்தற்கருவியா, அழித்தற்கருவியா? இவ்வாறு மக்கள் வாய்மொழியில் இருபது முப்பது ஏவல்களைத் தந்து பார்த்து, தவறிய இடத்தில் விளக்கத்தின் சொல்லைத் திருத்தி, மீண்டும் பார்த்தல் வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை அது.